விழுங்கிய முடி வயிற்றில் கரையுமா?

கேள்வி: டாக்டர், என் பாட்டியின் சவுரிமுடி பல வருடங்களாக டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. நிறம் மங்கியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. முடி ஏன் மக்குவதில்லை? என் ஏழு வயது மகள் சடை நுனியைக் கடித்து விழுங்குகிறாள். அப்படி விழுங்கிய முடியாவது ஜீரணமாகிவிடுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் சவுரி. முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். வேகவைத்த பருப்பிலும் புரதம் உண்டு, ஆனால் அது மறுநாளே ஊசிப்போகும். கெரட்டினைக் காப்பாற்றுவது கந்தகம். அதிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிறது. அடுத்தடுத்த புரத இழைகளின் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்துகொள்கின்றன. முடியின் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் கந்தகம்தான். முடி கருகினால் அப்படி நாறுவதும் அதனால்தான். மேலே ஓட்டுக்கூரை போல அடுக்கடுக்காகச் செதில்கள் வேறு. உலர்ந்த பெட்டிக்குள் கிருமிகளுக்கு வேலையே இல்லை. சிலி நாட்டின் சின்சோரோ மம்மிகளின் (பதப்படுத்திய பழங்கால உடல்கள்) பல ஆயிரம் வருடப் பழைய முடியில் ஆர்சனிக் என்ற நஞ்சை அளந்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். ஆனால் சில பூஞ்சைகளும் துணி அரிக்கும் அந்துப்பூச்சியும் கெரட்டினைத் தின்னும், சவுரியை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதுதான் எனக்கு முக்கியம். ஜீரணமாகாது. முடி நீக்கும் கிரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் அந்தக் கந்தகப் பிணைப்பை உடைக்கும். வயிற்று அமிலத்தாலும், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதியாலும் அது முடியாது. சாப்பாட்டில் எப்போதாவது ஒரு முடி போனால் கவலை வேண்டாம், மலத்தோடு வெளியேறிவிடும். தினமும் விழுங்கினால் அப்படியல்ல. இரைப்பையின் மடிப்புகளில் சிக்கி, சளியும் உணவும் சேர்ந்து உருண்டையாகும். சிலருக்கு அதன் வால் சிறுகுடல் வரை நீளும். பெரிதானால் அறுவை சிகிச்சைதான் வழி. பேதி மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள்.

கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்கிறாளா? வாந்தி, எடைக் குறைவு, மேல்வயிற்றில் கெட்டியான வீக்கம், தலையில் ஆங்காங்கே முடி குறைந்திருப்பது, இவற்றில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள். வயிற்றுவலி கடுமையாக இருந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டி, ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகள் உணவல்லாததைத் தின்பது உண்டு. திட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள், பதற்றம்தான் கூடும். அப்புறமும் பழக்கம் விடாவிட்டால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போங்கள். அதுவரை சடையை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டிவிடுங்கள், நுனி வாய்க்கு எட்டாது.