வாசலே தெரியாத பொந்து

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணனுக்குச் சிறுநீரகப் புற்றுநோய். பெல்சுடிஃபான் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். அது மரபணு வேலை செய்வதையே நிறுத்துமாம். மாத்திரை எப்படி மரபணு வரை போகும்? ரத்தம் குறையும் என்றும் சொல்கிறார்களே, ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரை மரபணுவைத் தொடுவதே இல்லை சகோதரி. சில மரபணுக்களை முடுக்கிவிடும் ஹெச்.ஐ.எஃப்-2 ஆல்ஃபா என்ற புரதத்தைத்தான் அது பிடிக்கிறது. உடம்பில் ஆக்சிஜன் குறைந்தால் இந்தப் புரதம் இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து, புது ரத்தக் குழாய்கள் வளர ஏற்பாடு செய்யும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் வி.ஹெச்.எல் என்ற புரதம் இதை ஒழித்துவிடும். சிறுநீரகப் புற்றில் அதிகம் வரும் வகையில் பெரும்பாலும் அந்த வி.ஹெச்.எல் பழுதாகியிருக்கும். அதனால் இந்தப் புரதம் ஒழியாமல் புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லிக்கொண்டே இருக்கும், கட்டிக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

நான் 12 வருஷம் மருந்து தேடும் ஆய்வகத்தில் இருந்தவன். நொதி என்றால் ஒரு குழி இருக்கும், மருந்து அதில் போய் உட்காரும். இரண்டு புரதங்கள் ஒட்டும் இடமோ தோசைக்கல் மாதிரி மட்டமாக இருக்கும். அப்படி ஒரு புரதத்துக்காக எட்டு மாதம் உழைத்தோம். சின்னச் சின்னக் குப்பிகளில் சேர்மங்களை வெள்ளைப் பொடியாகச் சேர்த்தோம், ஒன்றுகூட ஒட்டவில்லை. அந்த வேலையைக் கைவிட்ட நாள் இன்னும் மனதில் இருக்கிறது.

டாலஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தில் ரிச்சர்ட் புருயிக், கெவின் கார்ட்னர் குழுவினர் ஹெச்.ஐ.எஃப்-2 ஆல்ஃபா புரதத்தின் உள்ளேயே ஒரு பொந்தைக் கண்டார்கள். வெளியிலிருந்து வாசல் தெரியாது, உள்ளே சில நீர் மூலக்கூறுகள் மட்டும். ஏறக்குறைய 2 லட்சம் சேர்மங்களைச் சலித்து, அதற்குள் நுழைபவற்றைப் பிடித்தார்கள். புரதம் அசைந்து நெகிழும்போது மூலக்கூறு உள்ளே போய்விடுகிறது. உட்கார்ந்ததும் புரதம் லேசாக உருமாறுகிறது, ஜோடி கழன்றுவிடுகிறது. எனக்கு இதைவிட அழகான வேதியியல் தெரியாது! அங்கிருந்து கிளம்பிய பெலோடன் நிறுவனம் அதை மருந்தாக வளர்த்தது. 2019இல் மெர்க் என்ற மருந்து நிறுவனம் பெலோடனை வாங்கியது. வி.ஹெச்.எல் பழுது பரம்பரையாக வரும் நோய்க்கு 2021 ஆகஸ்டிலும், முற்றிய சிறுநீரகப் புற்றுக்கு 2023 டிசம்பரிலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, ரத்தம் ஏன் குறைகிறது? சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபாய்டின் ஹார்மோனின் மரபணுவை முடுக்குவதும் இதே புரதம்தான். மருந்து அதையும் சேர்த்தே அடக்குகிறது. ஆக்சிஜன் அளவும் சிலருக்கு இறங்கும். அதனால் ரத்தப் பரிசோதனை நாளைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள்.