கேட்டவை, சொன்னவை: தீபாராதனை நேரத்தில் நேரலை ஏன் நிற்கிறது?

2020 மார்ச் 18இல் மலேசியாவில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயத்தை மூடியபோது, வெள்ளிக்கிழமை பூஜையை முகநூல் நேரலையில் காட்ட ஆரம்பித்தோம். கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்ட தோட்டத்துப் பிள்ளைகள் கேட்பதால் இன்றும் தொடர்கிறோம். ஆனால் சரியாகத் தீபாராதனையின்போது படம் நின்றுவிடுகிறது. மேளமும் கரகரவென்று கேட்கிறது. என்ன செய்யலாம்?
- ஆலய நிர்வாகத்தினர், சுங்கை சிப்புட்

தீபாராதனைக்குத்தான் கூட்டம் சேரும். சேர்ந்த கூட்டமெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்து அப்போதே அனுப்பும். எல்லோருக்கும் ஒரே டவர்தான். நேரலைக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். 720பி தெளிவுள்ள படத்துக்கு நொடிக்குச் சுமார் 3 மெகாபிட் போகும், அதில் இரு மடங்காவது கையிருப்பு வேண்டும். மத்தியானம் சோதித்துப் பயனில்லை, வெள்ளி இரவு பூஜை நேரத்தில் சோதியுங்கள். குறைவாக இருந்தால் 480பிக்கு இறங்குங்கள். அலுவலகத்தில் வைஃபை இருந்தால் சிம் டேட்டாவை விட்டு அதற்கு மாறுங்கள். டேட்டாவென்றால் 720பியில் மணிக்கு 1.3 ஜிபி கரையும். கருவறைச் சுவர் சிக்னலை விழுங்கும் என்பதால் கைப்பேசி மண்டபத்திலேயே நிற்கட்டும். (உள்ளே படம் எடுக்கலாமா என்பதைக் குருக்கள் சொல்லட்டும்.)

கற்பூரம் ஏற்றியதும் அம்மன் முகம் கறுத்துப்போகிறதா? சுடரைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. நேரலையைத் தொடங்கியதும் அம்மன் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சில கைப்பேசிகளில் வெளிச்சம் அதோடு பூட்டிக்கொள்ளும்.

கரகரப்புக்குக் காரணம் நாதஸ்வரமும் தவிலும் மைக்குக்கு மிக அருகில் இருப்பது. நான்கைந்து மீட்டர் தள்ளி வையுங்கள், ஒலிபெருக்கிக்கு நேரே வேண்டாம். ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து கைப்பேசிக்கு நேராக வயர் இழுத்தாலும் இதே கதிதான்: மைக்குக்கான துளைக்கு அந்த ஒலி அளவு மிக அதிகம். குறைத்துக் கொடுக்கும் கருவி நடுவில் இருக்க வேண்டும். பூஜை முடியும்வரை ஒலிநாடாப் பக்திப் பாடலை நிறுத்திவிடுங்கள். காப்புரிமையைக் கண்டுகொண்டு முகநூல் ஒலியையே அடைத்துவிடும்.

ஜூமில் தேவார வகுப்பு. சேர்ந்து பாடினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது. சுருதிப்பெட்டிச் சத்தமோ வருவதே இல்லை.
- வாசகி, அதே ஊர்

ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வந்து சேர்கிறது. இணையத்தை எவ்வளவு கூட்டினாலும் இது முழுக்கத் தீராது. ஆசிரியர் மைக் மட்டும் திறந்திருக்க, பிள்ளைகள் தங்கள் மைக்கை மூடிக்கொண்டு கூடவே பாடட்டும். பிறகு ஒவ்வொருவராகத் திறந்து ஓர் அடி பாடிக் காட்டலாம். சுருதியை ஜூம் மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுகிறது. ஆசிரியரின் ஒலி அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலியை இயக்குங்கள். இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், ஒரு வகுப்புக்கு ஒரு பதிகம் வைத்துக்கொள்ளுங்கள்.