டக்ளஸ் புகழ்கிறாரா, தாக்குகிறாரா?

ஃபிரெடரிக் டக்ளஸ் தன் சுதந்திர தின உரையில் அமெரிக்காவை நிறுவியவர்களை முதலில் துணிச்சலானவர்கள் என்று புகழ்ந்துவிட்டு அப்புறம் ஏன் அந்த நாட்டை இப்படிக் கிழிக்கிறார், முரண்படுகிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். முரண்பாடு இல்லை. அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினப் பேச்சாளரான டக்ளஸ், அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு மறுநாள், 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பேசிய அந்த உரையை இன்னொரு முறை படிக்கும்போது, 'உங்கள்' என்று வரும் இடங்களை மட்டும் கோடிட்டுக்கொண்டே போங்கள்: உங்கள் விடுதலை, உங்கள் தந்தையர். தொடக்கத்திலிருந்தே அவர் வெளியேதான் நிற்கிறார், 1838-இல் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர் வேறெங்கே நிற்பார்? புகழ்ச்சி உண்மையானதுதான், அதையே அளவுகோலாக்கி எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் நாட்டை அளக்கிறார்.

அடிமையும் மனிதன்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமா என்று கேட்கிற பகுதியைப் பற்றி உங்கள் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள். வாதாடப் போவதில்லை என்பது போலத் தொடங்கி, அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் தண்டனை என்ற தென்மாநிலச் சட்டங்களை எடுத்துப் போடுகிறார், வயலில் மேயும் விலங்குகளுக்கு இப்படி ஒரு சட்டத்தைக் காட்டுங்கள், அப்புறம் வாதாடுகிறேன் என்கிறார். அங்கேயே வழக்கு முடிந்துவிட்டது, அதுவும் எதிராளியின் சட்டப் புத்தகத்தை வைத்தே. மொத்த உரையிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. இன்று வேண்டியது வாதமல்ல, சுட்டெரிக்கும் எள்ளல் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியும் விடுகிறார், அதனால் தொனியைப் பற்றி உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.