தவளைத் தொட்டியில் வெள்ளைப் பூச்சிகள்: வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?

கேள்வி: நான் சிப்பிக்காளான் வளர்ப்பவன். என் மகன் கண்ணாடித் தொட்டியில் பேக்மேன் தவளை ஒன்றை வளர்க்கிறான். தென்னை நார்க்கழிவு போதவில்லை என்று, அறுவடை முடிந்த காளான் படுக்கையின் வைக்கோலையும் கலந்து தொட்டியின் அடியில் பரப்பினோம். மூன்று வாரங்களில் கண்ணாடியிலும் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பிலும் மிகச் சிறிய வெள்ளைப் பூச்சிகள் மொய்க்கத் தொடங்கிவிட்டன; கறுப்பு ஈக்களும் பறக்கின்றன. காளான் குடிலில் தெளிக்கும் வேப்பெண்ணெய்க் கரைசலை இங்கும் தெளிக்கலாமா?

பதில்: தெளிக்க வேண்டாம். வேப்பெண்ணெய் மட்டுமல்ல, மாலத்தியான், கொசு விரட்டி, எறும்புப் பொடி என எதுவும் அந்தத் தொட்டிக்கு அருகில்கூட வரக் கூடாது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றுப் பகுதித் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியாகவே நடக்கிறது. பேக்மேன் தவளையோ நாள் முழுவதும் அடிப்பரப்பில் பாதி உடலைப் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பது. ஆகவே அங்கே தெளிக்கும் எண்ணெயும், அதைத் தண்ணீரில் கரைக்கச் சேர்க்கும் சோப்பும் நேரே அதன் உடலுக்குள் போய்விடும். போதாக்குறைக்கு, தவளை தன் தோலை உரித்துத் தானே தின்னும் பழக்கமுடையது.

ஆனால், பூச்சிகளைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் கலந்த வைக்கோல்தான். காளான் படுக்கைக்கான வைக்கோலை, 100 லிட்டர் தண்ணீருக்கு 7.5 கிராம் கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லி, 125 மில்லி பார்மலின் என்ற கிருமிநாசினி என்ற அளவில் கலந்து ஊறவைப்பது பலரின் வழக்கம். நீங்களும் அப்படிச் செய்திருந்தால், அந்த மருந்தின் மிச்சத்தின் மீதுதான் தவளை உட்கார்ந்திருக்கிறது. வெந்நீரில் வேகவைத்த வைக்கோலாகவே இருந்தாலும், அறுவடை முடிந்த படுக்கை என்பது காளான் ஈயின் முட்டையும் புழுவும் பூசணமும் குடியிருக்கும் இடம். உங்கள் குடிலில் எதை வெளியேற்றப் பாடுபடுகிறீர்களோ அதையே மகனின் தொட்டிக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

பூச்சிகளை அடையாளம் காண ஒரு கைலென்ஸ் போதும். நீண்ட உடலும் ஆறு கால்களும் கொண்டு, குச்சியால் தொட்டவுடன் துள்ளிக் குதித்தால் அது ஸ்பிரிங்டெயில். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மேற்பரப்பில் மிதக்கும். குடிலில் இது காளான் இழையைத் தின்று நஷ்டம் விளைவிக்கும் எதிரி. தவளைத் தொட்டியிலோ பூசணத்தையும் எச்சத்தையும் தின்று சுத்தம் செய்கிற நண்பன். இதைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் விடுவோரும் உண்டு. துள்ளாமல், உருண்டையான வெண்புள்ளிபோல மெதுவாக ஊர்ந்து, செத்த இரையின் மீதும் கிண்ணத்தின் விளிம்பிலும் தூள் தூவியதுபோல் குவிந்திருந்தால், அது மைட் எனப்படும் சிற்றுண்ணி; முதிர்ந்ததற்கு எட்டுக் கால்கள் இருக்கும். இவை பெரும்பாலும் தவளையின் இரத்தத்தைக் குடிப்பவை அல்ல. அழுகும் பொருளையும் தவிட்டையும் பூசணத்தையும் தின்பவை. எனினும் எண்ணிக்கை பெருகினால் தவளையின் கண்ணிலும் மூக்கிலும் ஊர்ந்து அதை நிம்மதியாக இருக்க விடாது. பழுப்பு நிறத்தில் விறுவிறுவென்று தனித்தனியே ஓடுபவை பெரும்பாலும் இந்த வெள்ளை மைட்டுகளை வேட்டையாடும் வேறு வகை, அவற்றை விட்டுவிடலாம். கறுப்பு ஈக்கள் பெரும்பாலும் உங்கள் குடிலில் பறக்கும் அதே காளான் ஈக்கள்தான், அவற்றை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் தவளையை மாற்றுங்கள். பூச்சிமருந்து தொட்ட கையால் தூக்காமல், குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்த, பவுடர் பூசாத கையுறையை அணிந்துகொள்ளுங்கள். மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில், அதே தண்ணீரில் நனைத்த வெள்ளை டிஷ்யூ தாளை விரித்து, அதில் தவளையை வைத்து, தாளைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் அது அங்கேயே இருக்கட்டும். வெள்ளைத் தாளில் ஊர்வது எதுவானாலும் கண்ணுக்குத் தெரியும் என்பது இதில் கூடுதல் வசதி. புதைந்துகொள்ள இடமில்லாமல் தவளை சற்றுத் தவிக்கும். பெட்டியை நிழலான, சந்தடியில்லாத மூலையில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டுவிடுங்கள்.

பழைய கலவை முழுவதையும் பாலித்தீன் பையில் கட்டி, குடிலுக்குத் தொலைவில் சில நாள் கடும் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள். தொட்டியையும் கிண்ணத்தையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, வாடை அறவே போகும்வரை அலசி, வெயிலில் காயவையுங்கள். மைட்டுகளைக் கொல்வதில் காய்ச்சலுக்கு, அதாவது ஈரமே இல்லாமல் உலரவிடுவதற்கு, இணையான மருந்து கிடையாது. மரக்கட்டை, சருகு போன்றவற்றைக் கொதிக்கவைத்த பிறகே மீண்டும் வைக்க வேண்டும்.

புதிதாகப் போடும் நார்க்கழிவு நன்றாக அலசி உப்பு நீக்கியதாக இருக்கட்டும். நாற்றங்காலுக்கென்று விற்கும் கட்டிகள் சிலவற்றைக் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்திருப்பார்கள், அவை வேண்டாம். மண்புழு உரமும் தோட்டத்து மண்ணும் வேண்டாம். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியாத அளவு ஈரம் போதும். நீங்கள் காளான் படுக்கைக்குப் பார்க்கும் அதே பதம்தான்.

இரையும் ஒரு வாயில். சுவர்க்கோழிகளை வளர்க்கும் டப்பாவின் தவிட்டிலிருந்து மைட்டுகள் தொட்டிக்கு வருவது மிகச் சாதாரணம். ஆகையால் அந்தத் தவிட்டை அடிக்கடி மாற்றி, எறும்புக்குச் செய்வதுபோல டப்பாவைச் சோப்புத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைத்துவிட்டு, இரையை மட்டும் தனியே உதறி எடுத்துக் கொடுங்கள். வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு மூன்று வேளை உணவே தாராளம். தின்னாமல் விட்டதை அன்றிரவே எடுத்துவிட வேண்டும். உயிருள்ள சுவர்க்கோழி தவளையையே கடித்துவிடுவதும் உண்டு. மீண்டும் மைட் தலைகாட்டினால், வெள்ளரித் துண்டு ஒன்றை இரவில் ஓரமாக வைத்து, மொய்த்ததோடு காலையில் எடுத்தெறிவதைச் சில நாள் தொடருங்கள்.

ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி நல்லது, ஆனால் அது தொட்டிக்கு வெளியே மட்டும். உள்ளே வைத்தால் ஈக்கு முன்பு தவளைதான் ஒட்டிக்கொள்ளும்.

தோலுக்குள் பதிந்த செம்மஞ்சள் புள்ளிகள், ஓயாமல் தேய்த்துக்கொள்ளுதல், இரையைத் தொடாமல் துவண்டு கிடத்தல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், கலந்த வைக்கோலில் என்ன மருந்து பயன்படுத்தினீர்கள் என்ற விவரத்தோடு, சிறு பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுசெல்லுங்கள்.