பெயின்ட்பால் மார்க்கருக்குக் கம்பெனியில் ஓடும் நீலக் குழாய் போதுமா?

கேட்டிருப்பது இதுதான்: தருமபுரியில் நண்பர்கள் சேர்ந்து நான்கு பழைய பெயின்ட்பால் மார்க்கர் (காற்றழுத்தத்தால் சாய உருண்டைகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) வாங்கியிருக்கிறீர்கள். பாட்டிலிலிருந்து மார்க்கருக்குப் போகும் காற்றுக் குழாய் இரண்டில் கீறல் விழுந்திருக்கிறது. கம்பெனிகளில் ஓடும் நீல நிற பியூ (பாலியூரித்தேன்) டியூபை வெட்டிப் போடலாமா, இல்லை வேறு எதை வாங்குவது?

பியூ டியூபைப் போடாதீர்கள். மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நியூமேட்டிக் பராமரிப்பு, அதாவது காற்றழுத்தத்தில் ஓடும் இயந்திரங்களின் பராமரிப்பு பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேன்கனிக்கோட்டை சாலைப் பக்கம் தெரிந்தவர் நடத்தும் மைதானத்தில் மார்க்கர்களைப் பிரித்து மாட்டிக் கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் ஓடுவது காற்றுதான் என்பதால் எனக்கும் முதலில் உங்களுக்கு வந்த அதே யோசனைதான் வந்தது. குழாய் ஒரே மாதிரி, அதை இணைக்கும் பிட்டிங் ஒரே மாதிரி, அமுக்கினால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. வித்தியாசம் அழுத்தத்தில் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது.

கம்பெனி லைனில் வழக்கமாக 6 பார் அழுத்தம் ஓடும். பியூ டியூபின் மேலேயே பெரும்பாலும் 10 பார் என்று அச்சிட்டிருப்பார்கள். மார்க்கருக்கான காற்று பாட்டிலுக்குள் 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் இன்னொரு அளவு) இருக்கும், அதன் தலையில் உள்ள ரெகுலேட்டர் அதைச் சுமார் 800 பிஎஸ்ஐக்கு இறக்கி வெளியே விடும். 800 பிஎஸ்ஐ என்றால் 55 பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 மி.மீ. குழாயை 6 பார் காற்று பிட்டிங்கிலிருந்து வெளியே தள்ளும் விசை ஒன்றே முக்கால் கிலோ அளவு. மார்க்கரில் உள்ள கால் இன்ச் குழாயை 55 பார் தள்ளும்போது அது 17 கிலோவைத் தாண்டிவிடும். மார்க்கரைப் பிடித்திருக்கும்போது அந்தக் குழாய் உங்கள் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கிறது.

இன்னொரு சிக்கல், கால் இன்ச் என்பது 6.35 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கும் 6 மி.மீ. குழாய் கால் இன்ச் பிட்டிங்குக்குள் சுலபமாக நுழையும், பொருந்திவிட்டது போலவே தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அதைச் சரியாகக் கவ்வாது.

சரி, எதைப் போடுவது? அதற்கு முன் பாட்டிலில் என்ன அடைக்கிறீர்கள் என்று பாருங்கள். அழுத்தப்பட்ட காற்று என்றால் மேக்ரோலைன் போதும். அது கால் இன்ச் நைலான் குழாய், மார்க்கருக்கென்றே வருவது. விலை குறைவு, வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், கழற்றி மாட்டுவதும் சுலபம். அதற்கான பிட்டிங்கையும் மார்க்கருக்கென்று விற்பதாகவே வாங்குங்கள். கம்பெனி பிட்டிங் தோற்றத்தில் அதே போல இருந்தாலும் அதுவும் 10 பார் கணக்கில் செய்ததுதான்.

கார்பன் டை ஆக்சைடு என்றால் மேக்ரோலைன் வேண்டாம், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பின்னல் போட்ட ஹோஸ் வாங்குங்கள். பாட்டிலுக்குள் அது திரவமாக இருக்கிறது. மார்க்கரைச் சாய்த்துச் சுடும்போது திரவம் அப்படியே குழாய்க்குள் இறங்கிவிடும். அந்தக் குளிர்ச்சியில் நைலான் விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வரும், ஓ-ரிங்கும் வெடிக்கும். பழைய டிப்மேன் 98 போன்ற மார்க்கர்களில் கம்பெனியிலிருந்தே எஸ்எஸ் ஹோஸ்தான் வரும். அதைக் கழற்றிவிட்டு அழகுக்காக மேக்ரோலைன் மாட்ட வேண்டாம்.

நம் பக்கத்து வெயிலையும் இதில் சேர்க்க வேண்டும். 21 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 850 பிஎஸ்ஐ அளவு. 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாகவே நிற்காது, அழுத்தம் 1000 பிஎஸ்ஐக்கு மேல் போய்விடும். ஓசூர் மேட்டில் காலை ஏழு மணிக்குச் சரிபார்த்த மார்க்கரைக் கிருஷ்ணகிரிக்கு இறங்கி, சித்திரை மாத மத்தியானத்தில் சுட்டால் வேகம் தாறுமாறாக ஏறும். 300 அடிக்கு மேல் ஒரு நொடியில் போகவே கூடாது என்பதுதான் இந்த விளையாட்டின் அடிப்படை வரம்பு. தருமபுரி வெயிலுக்கு நான் அழுத்தப்பட்ட காற்றுப் பக்கம்தான் நிற்பேன்.

அடுத்தது மரை, அதாவது பிட்டிங்கைத் திருகி ஏற்றும் புரி. எனக்கு நஷ்டம் வந்த இடம் இதுதான். மார்க்கர்களில் பெரும்பாலும் வருவது 1/8 என்பிடி (அமெரிக்க அளவு) மரை. நம்மூர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு). ஒன்றில் இன்சுக்கு 27 மரை, மற்றதில் 28. மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை மாலை அவசரத்தில் ஒரு எல்போ (வளைந்த பிட்டிங்) வாங்கினேன். "ஒன்-பை-எய்ட்தானேண்ணா, எல்லாத்துக்கும் போகும்" என்றார் கடைக்காரத் தம்பி. இரண்டு மரை சுகமாக ஏறியது, பிறகு இறுகியது. மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பு தடிமனாக இருக்கிறது போல என்று ஸ்பேனர் போட்டு இழுத்தேன். பித்தளை அலுமினியத்தைத் தின்றுவிட்டது. ரெகுலேட்டரின் உடம்பே வீணாகி, அந்த மார்க்கர் இரண்டு மாதம் மூலையில் கிடந்தது. இத்தனைக்கும் மரையை அளக்கும் கேஜ் என் தொழிற்சாலைப் பெட்டியிலேயே இருந்தது. பிட்டிங்கின் மேல் ஆர் அல்லது ஜி என்ற எழுத்து குத்தியிருந்தால் அது பிஎஸ்பி வகை. என்பிடி என்று குத்தியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், கேஜ் வைத்துப் பார்த்த பிறகே மார்க்கரில் ஏற்றுங்கள்.

என்பிடி கூம்பு மரை என்பதால் அடிவரை போகாது, போக வைக்கவும் கூடாது. கையால் இறுகும் வரை சுற்றிவிட்டு, ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று போதும். டெஃப்லான் டேப் சுற்றுவதாக இருந்தால் முதல் மரையை வெறுமனே விட்டு, மரை ஏறும் திசையிலேயே இரண்டு சுற்று மட்டும் சுற்றுங்கள். நான் இப்போது டேப்பை விட்டுவிட்டேன். பிய்ந்த இழை உள்ளே போய் சோலனாய்டை (மின்சாரத்தில் இயங்கும் சின்ன வால்வு) அடைத்ததை இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. மரையில் போடும் பசையான நீல லாக்டைட் 242 ஒரு சொட்டு வைத்து, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள்தான் காற்று ஏற்றுகிறேன். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றவே முடியாது. குழாய் நுழையும் பக்கத்தில் லாக்டைட் படவே கூடாது.

மேக்ரோலைனைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். புது பிளேடால் நேராக, ஒரே இழுப்பில் வெட்டுங்கள். நீளத்தைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள், குழாய் பிட்டிங்கில் நேராக நுழைந்து, அப்புறம் வளைய வேண்டும். ரொம்பத் தாராளமாக விட்டால் உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடும்போது கிளையில் மாட்டும். நுனியில் கீறல் இருந்தால் அரை இன்ச் வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி மாட்டலாம், உங்கள் குழாய்களில் கீறல் நுனியில்தான் என்றால் புதிதாக வாங்கவே தேவையில்லை. நடுவில் என்றால் தூக்கிப் போடுங்கள். மாட்டிய பிறகு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கழற்றும்போது பிட்டிங்கின் வாயில் உள்ள காலரை (குழாயை விடுவிக்கும் வளையம்) அமுக்குவதற்கு முன் லைனில் காற்று சுத்தமாக இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்.

முதல் முறை காற்று ஏற்றும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், குண்டு போட வேண்டாம். எல்லா இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். கசிவு தெரிந்தால் காற்று இருக்கும்போதே ஸ்பேனரை எடுக்காதீர்கள். பாட்டிலை ரீபில் செய்யும் முனையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது. அந்த அழுத்தத்தில் காற்று சட்டென்று பாயும்போது எண்ணெய் தீப்பற்றிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. பழைய மார்க்கரோடு பழைய பாட்டிலும் வந்திருக்கும். பாட்டிலும் வால்வும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் படும்படி நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பாட்டிலைக் கழற்றும்போது கோடு விலகினால், மார்க்கரிலிருந்து பாட்டில் கழலவில்லை, வால்விலிருந்தே பாட்டில் கழல்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் அப்படிப் பிடுங்கிக்கொண்டு பறந்த பாட்டிலால் உயிரே போயிருக்கிறது. கோடு விலகியது தெரிந்த உடனே திருகுவதை நிறுத்துங்கள். மார்க்கரை ஆள் இல்லாத பக்கம் நீட்டி, சுட்டுச் சுட்டுக் காற்று முழுவதையும் காலி செய்த பிறகே அதைத் தொடுங்கள்.