வெட்கிட்ட போயிட்டு வந்ததுல இருந்து ஆமை தலையை வெளிய நீட்டல!

செல்லப் பிராணிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க லண்டன்ல ஹேரோ பக்கம் இருக்கோம். வீட்ல ஒரு ஹெர்மன் ஆமை வளர்க்குறோம், ஒன்பது வயசு, பேரு அப்பு. குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னாடி ஒரு செக்கப் பண்ணிடலாம்னு செப்டம்பர் கடைசியில வெட்கிட்ட, அதான் கால்நடை டாக்டர்கிட்ட, கூட்டிட்டுப் போனோம். வெயிட்டிங் ரூம் முழுக்க நாய் குரைக்கிற சத்தம். உள்ள போனா கழுத்தை இழுத்துப் பிடிச்சு ரத்தம் எடுத்தாங்க, அலகு ரொம்ப வளர்ந்துடுச்சுன்னு மெஷின் வச்சு ராவினாங்க, நகம் வெட்டினாங்க, எக்ஸ்ரே வேற. டேபிள் மேலயே நிறைய ஒண்ணுக்குப் போயிட்டான். வீட்டுக்கு வந்து நாலு நாளாச்சு, மூலையில மண்ணைத் தோண்டி உள்ள போய் உக்காந்துக்குறான், டேண்டிலயன் இலைன்னா உசுரை விடுவான், இப்ப மோந்துகூட பாக்கல. ரிசல்ட் எல்லாம் நார்மல்னு போன்ல சொல்லிட்டாங்க. என் பொண்ணு 'அப்புக்கு நம்ம மேல கோவம்'னு அழறா. வாயைத் திறந்து ஏதாவது ஊட்டலாமா? இந்த வருஷம் தூங்க வைக்கலாமா?
- வாசகி, ஹேரோ

பதில்: முதல்ல உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, அப்புக்கு யார் மேலயும் கோவம் இல்ல, பயம்தான். ஆமையால எதிரியைக் கடிச்சு விரட்டவும் முடியாது, வேகமா ஓடவும் முடியாது, அதுக்கு இருக்குற பெரிய பாதுகாப்பு ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்குறதுதான், அந்தத் தலையையே ஒரு கை வந்து வெளிய இழுத்துப் பிடிக்குதுன்னா அதைப் பொறுத்தவரைக்கும் ஏதோ ஒண்ணு தன்னைத் தின்ன வந்துடுச்சுன்னு அர்த்தம். கழுத்துல ரத்தம் எடுக்க அப்படிப் பிடிச்சுதான் ஆகணும், டாக்டர் மேல தப்பில்ல. ஆனா அப்புக்கு அது தெரியாதே. அதனால அவன் மண்ணுக்குள்ள போய் உக்காந்தது ரொம்ப சரியான வேலை, தோண்டி வெளிய எடுக்காதீங்க.

நாலு நாள் சாப்பிடலன்னு நீங்க துடிக்கிறது புரியுது. நல்லா இருக்குற பெரிய ஹெர்மன் ஆமை ஒரு வாரம் சாப்பிடாம இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நான் கவலைப்படுறது சாப்பாட்டைப் பத்தி இல்ல, தண்ணியையும் சூட்டையும் பத்தி.

நீங்க போற போக்குல ஒரு விஷயம் எழுதியிருக்கீங்க, டேபிள் மேல நிறைய ஒண்ணுக்குப் போயிட்டான்னு. உங்க கடிதத்துலயே எனக்கு முக்கியமாப் பட்டது அதுதான். ஆமை மூத்திரப்பையில தண்ணியைச் சேத்து வச்சுக்கும், வறண்ட காலத்துல அதுல இருந்துதான் உடம்பு தண்ணியைத் திருப்பி எடுத்துக்கும், பயந்துட்டா அந்த மொத்த ஸ்டாக்கையும் ஒரே நேரத்துல விட்டுடும். கூடவே ரத்தமும் எடுத்திருக்காங்க, கார் பயணமும் இருந்திருக்கு. அதனால இன்னைக்கே ஆரம்பிச்சு தினமும் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணியில உக்கார வைங்க. தெர்மாமீட்டர் இருந்தா 30 டிகிரி பக்கத்துல இருக்கட்டும், இல்லன்னா உங்க முழங்கைய வச்சுப் பாருங்க, சுடவும் கூடாது சில்லுனும் இருக்கக் கூடாது. மேல் ஓடும் அடி ஓடும் சேர்ற இடம் வரைக்கும் தண்ணி போதும், தலையைத் தூக்காமலே மூக்கு தண்ணிக்கு மேல இருக்கணும். பாத்திரத்துக்கு வெளிய இருக்குறது தெரியாத மாதிரி இருந்தா நல்லது, கண்ணாடியா இருந்தா சுவத்தைப் பிறாண்டிக்கிட்டே இருக்கும். இருபது நிமிஷம் விட்டுட்டு நீங்க தள்ளிப் போய் உக்காருங்க. கொஞ்ச நேரத்துல கழுத்தை நீட்டி மூக்கைத் தண்ணிக்குள்ள விட்டு தொண்டை மெதுவா ஏறி இறங்குறதைப் பாப்பீங்க, அது குடிக்குது. ஒண்ணுக்குப் போறப்ப வெள்ளையா ஒண்ணு வரும், அது குழைவா இருந்தா பிரச்சினை இல்ல, மணல் மணலா கெட்டியா வந்தா இன்னும் தண்ணி பத்தலன்னு அர்த்தம். முடிஞ்சதும் துடைச்சுட்டு விளக்குக்குக் கீழ விடுங்க, ஈரத்தோட மண்ணுக்குள்ள போக விடாதீங்க.

சூட்டைப் பத்தி. நிறைய பேர் 'பாவம் டயர்டா இருக்கு, ரெஸ்ட் எடுக்கட்டும்'னு விளக்கை அணைச்சுடுறாங்க. வேண்டவே வேண்டாம். நமக்கு உடம்புச் சூடு உள்ள இருந்து வருது, ஆமைக்கு வெளிய இருந்துதான் வரணும், சூடு இல்லன்னா ஜீரணமும் ஆகாது, நோயை எதிர்க்கவும் முடியாது, பசியும் எடுக்காது. விளக்குக்கு நேர் கீழ 32ல இருந்து 35 டிகிரி, மத்த இடம் 25 பக்கம், ராத்திரி இப்போதைக்கு 20க்குக் கீழ போகாம பாத்துக்கோங்க. யூவிபி டியூப், அதான் வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிரைக் குடுக்குற விளக்கு, வாங்கி ஒரு வருஷம் தாண்டியிருந்தா மாத்திடுங்க, வெளிச்சம் வந்துக்கிட்டே இருந்தாலும் யூவிபி குறைஞ்சுடும். ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல யூவிபி இருக்காது, அதை நம்பாதீங்க.

ஊட்டுறது கூடாது. அலகை நெம்பித் திறந்தா இப்பதான் ராவின இடம் உடையலாம், நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழாய் வாசல் இருக்கு, திரவமா எதையாவது விட்டா நேரா நுரையீரலுக்குப் போயிடும், ஆமைக்கு நம்மள மாதிரி இருமி வெளிய தள்ளவும் தெரியாது. டியூப் போட்டு ஊட்டுறது தேவைப்பட்டா அது டாக்டர் வேலை. அலகு ராவின பிறகு கடிக்கிற விதமே மாறிடும், பழைய பழக்கத்துல கடிச்சா இலை நழுவும், அதனாலயும் ரெண்டு மூணு நாள் ஒதுக்கும். இலையை மெல்லிசா கிள்ளி, தண்ணி தெளிச்சு, விளக்குக்குப் பக்கத்துல தட்டையான கல்லு மேல வச்சுட்டு வந்துடுங்க. உங்க தோட்டத்துல இன்னும் டேண்டிலயன் பூ கிடைச்சா அந்த மஞ்சப் பூவை வைங்க, செம்பருத்திப் பூ இருந்தா இன்னும் நல்லது, பளிச்சுன்னு இருக்குற நிறத்தைத்தான் முதல்ல கவனிக்கும். 'ஆசையா சாப்பிடுவான்'னு வாழைப்பழம் தக்காளி எல்லாம் வைக்காதீங்க, ஹெர்மன் ஆமையோட குடலுக்கு இனிப்பு ஒத்துக்காது.

இன்னொண்ணும் இருக்கு. உங்க ஊர்ல அக்டோபர் வந்தா பகல் குறைஞ்சுக்கிட்டே வரும், அந்த நேரத்துல ஹெர்மன் ஆமை தானாவே சாப்பாட்டைக் குறைக்கும், மண்ணைத் தோண்டும். அதனால அப்பு செய்யுறதுல எவ்வளவு பயம், எவ்வளவு சீசன்னு வெளிய இருந்து பிரிச்சுப் பாக்குறது கஷ்டம். விளக்கை டைமர்ல போட்டு ஒரு நாளைக்குப் பதிமூணு மணி நேரம் எரிய விடுங்க. கோடைக்காலம்னு நம்பி எழுந்து வந்தா நல்லது. நல்ல சூடும் வெளிச்சமும் குளியலும் குடுத்து மொத்தம் பத்து நாளாகியும் ஒரு வாய்கூட கடிக்கலன்னா அதை பயம்னு சொல்ல மாட்டேன், திரும்ப போன் பண்ணுங்க.

பத்து நாள் காத்திருக்காம உடனே ஓட வேண்டிய அறிகுறிகளும் இருக்கு. மூக்குல தண்ணியோ குமிழியோ வர்றது, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு விடுறது, கண்ணு வீங்கி மூடிக்கிறது, நாக்கு மேல மஞ்சளா வெள்ளையா படலம், கால் தொங்கிப் போறது. ஆமைகளுக்கு ஹெர்பீஸ் வைரஸ் ஒண்ணு உண்டு, சில ஆமைங்க அதை உடம்புல வச்சுக்கிட்டு வெளிய காட்டாமலே இருக்கும், இந்த மாதிரி ஒரு பெரிய ஸ்ட்ரெஸ்ல அது கிளம்பி வர வாய்ப்பு இருக்கு, அதனாலதான் வாயையும் மூக்கையும் பாக்கச் சொல்றேன். கிச்சன் தராசுல வாரம் ரெண்டு தடவை எடை போட்டு எழுதி வைங்க, குளியலுக்கு முன்னாடியே போடுங்க, ஒண்ணுக்குப் போனாலே எடை மாறும். பத்து சதவீதம் குறைஞ்சா காத்திருக்காதீங்க.

தூங்க வைக்கிறதைப் பத்தி என் கருத்து, இந்த வருஷம் அவசரப்படாதீங்க. தூங்குறதுக்கு முன்னாடி சில வாரம் பட்டினி போட்டு குடலைக் காலி பண்ணணும், இப்பவே சாப்பிடாம எடை குறைஞ்ச ஆமையை மேலும் பட்டினி போட்டு, தூங்க வைக்கிறதுக்காக 5 டிகிரி ஃப்ரிட்ஜுல வைக்க எனக்கு மனசு வராது. அவன் சீக்கிரமே தேறி மூணு நாலு வாரம் நல்லா சாப்பிட்டு எடை திரும்பிட்டா அப்ப உங்க வெட்கிட்ட கேட்டு முடிவு பண்ணலாம். இல்லன்னா குளிர்காலம் முழுக்க விளக்கு போட்டு முழிச்சிருக்க வைங்க, ஒரு வருஷம் தூங்கலன்னா ஒண்ணும் குறைஞ்சு போகாது. ரெண்டுங்கெட்டானா மட்டும் விட்டுடாதீங்க. 12, 15 டிகிரி ரூம்ல இருந்தா தூக்கமும் வராது, பசியும் எடுக்காது, உடம்புல இருக்குற சத்து மட்டும் கரைஞ்சுக்கிட்டே போகும், குளிர்காலத்துல நிறைய ஆமைங்க சாகுறது இப்படித்தான்.

பொண்ணுக்கு ஒரு வேலை குடுங்க, எடை எழுதுற நோட்டு அவ பொறுப்பு. இன்னும் ஒரு வாரத்துக்குக் குளிக்க வைக்கவும் எடை போடவும் தவிர யாரும் தூக்க வேண்டாம். அடுத்த தடவை போறப்ப காலையில முதல் அப்பாயின்ட்மென்டா கேளுங்க, அவன் பழகின துண்டைப் போட்டு இருட்டான காத்தோட்டமான டப்பாவுல எடுத்துட்டுப் போங்க, கூப்பிடுற வரைக்கும் ஹீட்டர் போட்ட கார்லயே உக்காந்திருக்கோம்னு ரிசப்ஷன்ல சொல்லுங்க, நாய்ங்க பக்கத்துல உக்கார வேண்டியதே இல்ல.

கேள்வி: எங்க ரஷ்யன் ஆமைக்கு சளின்னு மூணு நாளைக்கு ஒரு ஊசி வீட்லயே போடச் சொல்லி சிரிஞ்சுங்களை ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லிட்டாங்க. முன்னங்கால்ல போடுறோம், போட்ட அன்னைக்கு நொண்டுது. பின்னங்கால்ல மாத்திப் போடலாமா? ஊர்ல இருந்து வந்த மாமா மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின் குடுத்தா பூச்சியும் போயிடும்னு சொல்றார்.
- வாசகர், டொரன்டோ

பதில்: மாமாகிட்ட அன்பா சொல்லிடுங்க, ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்னுடும். மாட்டுக்கும் நாய்க்கும் நல்ல மருந்துதான், ஆமைக்கு ஒரு துளிகூட கூடாது, அந்த பாட்டிலை ஆமை இருக்குற ரூம்லயே வைக்காதீங்க. பூச்சி இருக்கான்னு மலத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு வெட் குடுக்குற மருந்தைக் குடுங்க.

ஊசியை பின்னங்காலுக்கு மாத்த வேண்டாம். பின்னங்கால் பக்கத்து ரத்தம் முதல்ல கிட்னி வழியா போற மாதிரி ஆமையோட அமைப்பு, மருந்தும் அந்த வழியில போனா வேலை செய்யுறதுக்கு முன்னாடியே வெளியேறலாம், கிட்னிக்கும் கெடுதல். ஒரு தடவை இடது முன்னங்கால், அடுத்த தடவை வலதுன்னு மாத்தி மாத்திப் போடுங்க. சிரிஞ்சை உள்ளங்கையில வச்சுக் கரைய விடுங்க, மைக்ரோவேவ் கூடாது. ஒரு நாள் நொண்டுறது சகஜம், அடுத்த ஊசி நேரம் வந்தும் நொண்டினா, வீங்கினா டாக்டருக்குச் சொல்லுங்க. ஊசி போட்ட உடனே குளிக்க வைக்காம வேற நேரத்துல குளிக்க வைங்க, இல்லன்னா தண்ணியைப் பாத்தாலே ஊசின்னு பயப்பட ஆரம்பிச்சுடும்.

கேள்வி: எங்க வீட்ல சின்னதா ஒரு நட்சத்திர ஆமை ரெண்டு வருஷமா இருக்கு, ஒருத்தர் பிரசன்டா குடுத்தது. கண்ணு வீங்கியிருக்கு. டாக்டர்கிட்ட போனா கேஸ் ஆகுமான்னு பயமா இருக்கு.
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: பயந்துக்கிட்டு வைத்தியம் பாக்காம விட்டா அது செத்துடும், அதனால நேராவே சொல்றேன். நட்சத்திர ஆமையை வீட்ல வளர்க்க நம்ம நாட்டுல அனுமதி இல்ல. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல இப்ப அது முதல் அட்டவணையில இருக்கு, 2019ல இருந்து உலக அளவுலயும் வியாபாரத்துக்குத் தடை. பிரசன்டா வந்ததுன்னாலும் சட்டம் ஒண்ணுதான். பிடிச்சு விக்கிறவங்க கையில எத்தனையோ ஆமைங்க மூச்சு முட்டிச் சாகுது, நம்ம வீட்டுக்கு வந்து சேர்ற ஒண்ணுக்குப் பின்னாடி அந்தக் கணக்கும் இருக்கு.

தெரிஞ்ச வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, அவரையே கூட்டிக்கிட்டு மாவட்ட வன அலுவலர் ஆபீஸுக்குப் போய் நீங்களாவே ஒப்படைங்க, கண்ணு வீங்கியிருக்குன்னு எழுத்துலயே குடுங்க, அவங்க கால்நடை டாக்டரை வச்சுப் பாப்பாங்க. அழகர்மலை அடிவாரத்துல கொண்டுபோய் விட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, வீட்ல இருந்த ஆமைகிட்ட இருக்குற நோய் அங்க இருக்குற காட்டு ஆமைங்களுக்கும் பரவும், இந்தக் கண்ணோட அதால தீனியும் தேட முடியாது. கண்ணு வீங்குறது பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைச்சலாலயோ தொத்தாலயோ வரும், நம்ம கண்ணுக்குப் போடுற சொட்டு மருந்தை எடுத்துப் போடாதீங்க. நாளைக்குக் காலையிலயே கிளம்புங்க, அதுவரைக்கும் வெதுவெதுப்பான தண்ணியில கால் மணி நேரம் உக்கார வச்சு, முருங்கைக்கீரையும் செம்பருத்தி இலையும் கிள்ளி மூக்குக்கிட்ட வைங்க, கண்ணு தெரியலன்னாலும் வாசனை பிடிச்சு சாப்பிடப் பாக்கும்.