மருந்துச் சீட்டும் மருந்துக் கணக்கும்: கேள்வி பதில்

டெல்லித் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மருத்துவமனை மருந்தகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

சார், கெமிஸ்ட் கடையில் பில் போடும்போதெல்லாம் போன் நம்பர் கேட்கிறார்கள். நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடுமா? (மயூர் விஹார்)

அதற்காக இல்லை அம்மா. அது கடையின் சொந்தக் கணக்கு. யார், எந்த மருந்தை, எங்கே வாங்கினார் என்று நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு இந்தியாவில் கிடையாது. மருந்து விற்பனையை மின்தளத்தில் பதியும் யோசனையை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-ல் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. நம்பர் தர விருப்பமில்லை என்றால் தர வேண்டாம்.

அப்பாவுக்கு 78 வயது. தூக்கத்துக்கு அல்பிரஸோலம் எடுக்கிறார். கடைக்காரர் சீட்டைக் கேட்டு வாங்கி, பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. (ஆர்.கே. புரம்)

கடைக்காரர் செய்தது சரி. அல்பிரஸோலம் 'எச்1' அட்டவணையில் இருக்கும் மருந்து. 2014 மார்ச் 1-ல் அமலுக்கு வந்த இந்த அட்டவணையில் தொடக்கத்தில் 46 மருந்துகள் இருந்தன: வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கமாகிவிடக்கூடிய சில தூக்க மாத்திரைகளும் வலி மாத்திரைகளும். இவற்றை விற்கும்போது டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரெஜிஸ்டரில் எழுதி 3 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். அப்பா மீது சந்தேகம் என்று அர்த்தமே இல்லை, அவரிடம் சொல்லுங்கள்.

என் கவலை வேறு. அந்த ரெஜிஸ்டரில் இருப்பது பக்கத்துக் கடைக்குத் தெரியாது. நரம்பு டாக்டர் ஒரு பிராண்டில் எழுதுவார், இன்னொரு டாக்டர் வேறு பிராண்டில் அதே மாத்திரையை எழுதுவார். இரண்டையும் விழுங்கிவிட்டு இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இதைத் தடுக்கத்தான் தேசியப் பதிவேடு வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதுவரை அப்பாவின் மருந்துகளை மூலப்பெயரோடு (பிராண்ட் பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) ஒரே தாளில் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். இன்னொன்று: பயந்துபோய் அல்பிரஸோலத்தைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும் அளவில் மெல்லக் குறைக்க வேண்டும்.

மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.-ன் டிஸ்பென்சரியில் வாங்கினால்? (அதே வாசகர்)

அங்கே தரும் மருந்து அட்டை எண்ணின் கீழ் கணினியில் ஏறும். வெளிக்கடையில் காசு கொடுத்து வாங்குவது அதில் வராது.

வெளிநாட்டில் எப்படி? (முனிர்கா, மாணவர்)

யார் எந்த மருந்தை வாங்கினார் என்ற தேசியப் பதிவேடு டென்மார்க்கில் 1990-களிலிருந்தே உண்டு. நார்வேயில் 2004-லும் ஸ்வீடனில் 2005-லும் வந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் இருப்பதால், கர்ப்ப காலத்தில் ஒரு மருந்து எடுத்தவர்களின் குழந்தைகள் பின்னாளில் எப்படி இருக்கிறார்கள் என்பதுவரை ஆராய முடிகிறது. ஆய்வாளர்களுக்குப் பெயர் தெரியாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. அங்கே நோக்கம் பெரும்பாலும் போதை தரும் வலி மருந்துகளைக் கண்காணிப்பது. எனக்கு டென்மார்க், நார்வே, ஸ்வீடன் போகும் வழிதான் பிடிக்கும். மருந்து உடம்பை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் கணக்கு வேண்டும், ஆளைப் பிடிப்பது அப்புறம்.

இந்தியாவில் எதுவுமே இல்லையா? (கரோல் பாக்)

ஒரு நோய்க்கு இருக்கிறது. காசநோயாளிகளைப் பதியும் 'நிக்ஷய்' என்ற அரசு இணையதளம் 2012-ல் தொடங்கியது. தனியார் டாக்டர்களும் தெரிவிக்க வேண்டும் என்று அதே ஆண்டு உத்தரவு வந்தது, 2018-ல் மருந்துக் கடைகளையும் சேர்த்தார்கள். நோயாளி பாதியில் மருந்தை விட்டால் தேடிப் போய்ப் பேச இது உதவுகிறது.

மாத்திரை அட்டையில் இருக்கும் கியூ.ஆர். கோடு? (துவாரகா)

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளுக்குக் கட்டாயம். தயாரித்தவர், பேட்ச் எண், காலாவதி தேதி தெரியும். வாங்கியவர் யார் என்பது அதில் இல்லை.

அம்மாவுக்குப் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் எழுதினார்கள். கடை கடையாக அலைந்தோம். கண்காணிப்பு அதிகமானால் இன்னும் கஷ்டம்தானே? (சரோஜினி நகர்)

உங்கள் கேள்வி என்னை உலுக்குகிறது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மார்ஃபினையே வாங்கி வைக்காமல் விட்டவர்கள் ஏராளம். 2014-ல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் போன்ற அவசிய மருந்துகளுக்கு உரிம முறையை எளிதாக்கினார்கள். ஆனாலும் பயம் போகவில்லை. வலியில் துடிப்பவரைத் தவிக்கவிடும் எந்தப் பதிவேட்டையும் நான் ஆதரிக்க மாட்டேன். வெளிக்கடைகளில் அலைய வேண்டாம். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபினை நேரடியாகவே தரும். எய்ம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனையின் வலி நிவாரண சிகிச்சைப் பிரிவுக்கு அம்மாவின் ஃபைலோடு உடனே போங்கள்.

மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. யாரிடம் சொல்வது? (ரோகிணி)

முதலில் மருந்து எழுதிய டாக்டரிடம். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். அப்புறம் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் புகார் பதியலாம். காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துவது. அழைக்கும்போது மாத்திரை அட்டை கையில் இருக்கட்டும், பேட்ச் எண் சொல்ல உதவும்.